ஹெச்டி ஆன்டெனா வாங்கும் முன்: நம் ஊர் வானத்தில் என்ன வருகிறது?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



இன்றைய கூட்டத்தில் பேச வேண்டியவை என்று செயலாளர் ஒட்டிய தாளில் இரண்டு விஷயங்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று, மொட்டை மாடியில் ஆளாளுக்கு டிஷ் வைத்துத் துளை போடுகிறார்கள், மேல் வீட்டுக் கூரையில் ஈரம் இறங்குகிறது என்ற புகார். மற்றொன்று, கேபிள் செலவைக் குறைக்க, வீட்டுக்குள் வைக்கும் ஹெச்டி ஆன்டெனா வாங்கலாமா என்று சிலர் எழுதிக் கொடுத்த கேள்வி. என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். எந்த அலை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால், எதை வாங்க வேண்டாம் என்பதும், எதைச் சேர்ந்து வாங்கலாம் என்பதும் தானாகவே தெளிவாகிவிடும்.

முதலில் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சன், விஜய், ஜீ போன்ற சேனல்களைப் பார்க்க நினைத்து ஹெச்டி ஆன்டெனா வாங்காதீர்கள். காசு வீண். காரணத்தைச் சொல்கிறேன்.

ஆன்டெனாவில் ஹெச்டி இல்லை

ஆன்டெனா என்பது அலையைப் பிடிக்கும் ஒரு உலோகத் துண்டு. வருகிற அலையில் ஹெச்டி படம் இருக்கிறதா, பழைய படம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. படத்தின் தரத்தை முடிவு செய்வது ஒளிபரப்பும், உங்கள் டிவிக்குள் இருக்கும் டியூனரும்தான். ஹெச்டி ஆன்டெனா, 4கே ஆன்டெனா என்பதெல்லாம் அட்டைப்பெட்டியில் போடும் பெயர். சரியான அலை வந்தால், முப்பது வருடத்துக்கு முந்தைய மீன்முள் வடிவ ஆன்டெனாவும் ஹெச்டி படத்தைப் பிடித்துக் கொடுக்கும்.

அப்படியானால் யூடியூபில் ஒரு தாள் கனத்துக்கு இருக்கும் ஆன்டெனாவை ஜன்னலில் ஒட்டி ஐம்பது சேனல் பார்க்கிறார்களே என்று கேட்பீர்கள். அது அமெரிக்காவில் நடப்பது. அங்கே தனியார் சேனல்களும் தரையில் கோபுரம் நட்டு, இலவசமாகக் காற்றில் விடுகின்றன. 2009 ஜூன் மாதம் பெரிய நிலையங்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. அதனால் ஊருக்குள் இருக்கிறவருக்குச் சின்ன ஆன்டெனா போதும்.

நம் நாட்டில் தரைவழி டிவி ஒளிபரப்பு தூர்தர்ஷனுக்கு மட்டுமே உரியது. தனியார் சேனல் எதற்கும் அந்த அனுமதி கிடையாது. அவை செயற்கைக்கோள் வழியாகத்தான் கேபிள்காரரின் அறைக்கும், டிடிஎச் தட்டுக்கும் வருகின்றன. நம் ஊர்க் காற்றில் தரைவழியாக சன் டிவி என்றுமே மிதந்ததில்லை. மிதக்காத அலையை எந்த ஆன்டெனா பிடிக்கும்?

கொடைக்கானலைப் பார்த்து நின்ற கம்பிகள்

இங்கே ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் நம் பக்கத்து வீடுகளில் ஆன்டெனா எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நிற்கும், கொடைக்கானல் மலையைப் பார்த்து. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் போடும் நேரத்தில் காற்றடித்துக் கம்பி திரும்பிவிட்டால், ஒருவர் மாடியில் நின்று குழாயைத் திருப்புவார், இன்னொருவர் கீழே நின்று "இப்போ தெரியுது, விட்டுடு" என்று கத்துவார். நம் ஊரிலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், மேற்கே சற்று வடக்காக. மலை 2000 மீட்டருக்கு மேல். அவ்வளவு உயரத்தில் ஒரு கோபுரம் இருந்தால் சமவெளி முழுக்க அலை இறங்கும்.

அந்தப் பழைய அனலாக் ஒளிபரப்பின் காலம் முடிந்துவிட்டது. எல்லைப்புறம் போன்ற முக்கியமான இடங்களில் சுமார் 50 நிலையங்கள் தவிர, மற்ற அனலாக் டிவி நிலையங்களை 2022 மார்ச் இறுதிக்குள் மூடிவிடுவதாக பிரசார் பாரதி அறிவித்தது. தூர்தர்ஷனின் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்தது சென்னை மட்டும்தான். ஆகவே, சென்னையில் இருக்கும் உங்கள் மகனோ மகளோ ஜன்னல் ஓரம் ஆன்டெனா வைத்துப் பார்த்தேன் என்று சொன்னால் அது அவர்கள் ஊருக்குப் பொருந்தும். அதை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்தக் கூடாது. அங்கேயும் தூர்தர்ஷன் சேனல்கள் மட்டும்தான் கிடைக்கும்.

உங்களிடமோ பக்கத்து வீட்டிலோ பழைய ஆன்டெனா ஒன்று கிடந்தால், காசு செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். மேல் மாடி வீட்டில் மேற்கு ஜன்னலில் வைத்து, டிவி மெனுவில் ஆன்டெனா என்பதைத் தேர்ந்தெடுத்து, டிஜிட்டல் தேடுதல் கொடுங்கள். டிவியின் விவரக் குறிப்பில் டிவிபி-டி2 என்று இருக்க வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேடி முடித்தபின் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால், பூஸ்டர் வாங்கி மாட்டவும் வேண்டாம். பூஸ்டர் வந்த அலையைத்தான் பெருக்கும், வராத அலையை உண்டாக்காது. இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

வானத்திலிருந்து இலவசமாக வருவது

மாதக் கட்டணம் இல்லாமல் நம் ஊர் முழுக்க உறுதியாக வருவது டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. இப்போது ஜிசாட்-15 என்ற நம் நாட்டுச் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. 60 சென்டிமீட்டர் தட்டும் ஒரு பெட்டியும் வாங்கினால் செலவு அதோடு முடிந்தது.

என்ன வரும், என்ன வராது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கட்டணச் சேனல்கள் வராது. மாலை நேரத் தொடர்களைத் தவறாமல் பார்க்கும் வீட்டுக்கு இது மாற்று ஆகாது. 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயரை விட்டு டிடி தமிழ் ஆன சேனல் வரும், டிடியின் செய்தி, விளையாட்டுச் சேனல்கள் வரும், மாணவர்களுக்கான பிஎம் இ-வித்யா, ஸ்வயம் பிரபா கல்விச் சேனல்கள் வரும்.

கிரிக்கெட் பார்க்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். தேசிய முக்கியத்துவம் உள்ளது என்று அரசு அறிவிக்கும் போட்டிகளை, உரிமை வாங்கிய தனியார் சேனல் தூர்தர்ஷனோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2007இல் ஒரு சட்டம் வந்தது. அப்படிப் பகிர்ந்த படத்தை தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், கேபிளிலும் தனியார் டிடிஎச்சிலும் வரும் தூர்தர்ஷனில் காட்டக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஃப்ரீ டிஷ் வீட்டில் இந்தியா விளையாடும் ஆட்டம் ஓடும்போது, கேபிள் வீட்டில் அதே டிடி ஸ்போர்ட்ஸில் வேறு ஏதோ ஓடுவதற்குக் காரணம் இதுதான். கேபிள்காரரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் கையில் ஒன்றும் இல்லை.

தட்டு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

ஜிசாட்-15 பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. நம் ஊரிலிருந்து கணக்குப் போட்டால் திசைகாட்டியில் சுமார் 122 டிகிரி, அதாவது தென்கிழக்குக்குச் சற்றுக் கிழக்காக. எளிதாக நினைவில் வைக்க ஒரு வழி இருக்கிறது. மதுரை நமக்கு எந்தத் திசையோ, கிட்டத்தட்ட அதே திசை. பழைய ஆன்டெனா மலையைப் பார்த்தது, இது மலைக்கு முதுகைக் காட்டி மதுரையைப் பார்க்க வேண்டும்.

உயரக் கோணம் சுமார் 68 டிகிரி. ஏறக்குறைய தலைக்கு மேலே. இதனால் நமக்கு ஒரு வசதி உண்டு. எதிரில் இருக்கும் கட்டடமோ தென்னை மரமோ தட்டைவிட 10 அடி உயரமாக இருந்தாலும், 4 அடிக்கு மேல் தள்ளி இருந்தால் அலையை மறைக்காது. எதிர் வீட்டுக்காரர் மாடி கட்டிவிட்டார், இனி டிஷ் எடுக்காது என்று பயப்படத் தேவையில்லை.

பால்கனியில் வைக்க நினைப்பவர்களுக்கும் இதே கணக்குதான். கிழக்கு அல்லது தெற்குப் பக்கப் பால்கனியாக இருந்து, தட்டைக் கைப்பிடிக் கம்பியை ஒட்டி வெளி விளிம்பில் பொருத்தினால் பெரும்பாலும் எடுக்கும். சுவர் ஓரமாக உள்ளே தள்ளி வைத்தால் மேல் வீட்டுப் பால்கனித் தளம் மறைத்துவிடும். மேற்கு, வடக்குப் பால்கனிக்காரர்களுக்கு மொட்டை மாடிதான் வழி. கைப்பிடியில் கட்டுபவர்கள் நன்றாக முடுக்கிக் கட்டுங்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், தட்டு எம்மாத்திரம்? கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

திருப்பும்போது நிதானம் வேண்டும். இரண்டு மூன்று டிகிரி விலகினாலே படம் போய்விடும். பெட்டியின் மெனுவில் இரண்டு கோடுகள் தெரியும், பலம் ஒன்று, தரம் ஒன்று. பலம் ஏறிவிட்டது என்று நின்றுவிடாதீர்கள். வேறு செயற்கைக்கோளைப் பார்த்தாலும் பலம் ஏறும். தரக் கோடுதான் உண்மையைச் சொல்லும். அது மாற ஓரிரு வினாடி ஆகும், எனவே விரல் அகலம் திருப்பி, நிறுத்தி, பார்த்து, மறுபடி திருப்புங்கள். பழைய டிவியில் அலை குறைந்தால் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். டிஜிட்டலில் அப்படி இல்லை. ஓர் அளவுவரை முழுப்படம், அதற்குக் கீழே போனால் உடைந்து நின்றுவிடும். பெருமழையில் சில நிமிடம் நின்றால் அது மழை அலையை விழுங்குவதால்தான், மழை குறைந்ததும் திரும்பி வரும். சாதாரணத் தூறலுக்கே நின்றால் தட்டின் கோணமோ, ஒயர் இணைப்போ சரியில்லை என்று பொருள்.

பயன்படுத்தாமல் கிடக்கும் டிடிஎச் தட்டு உங்களிடம் இருந்தால், பெரும்பாலும் அதையே ஜிசாட்-15 பக்கம் திருப்பிக்கொள்ளலாம். சந்தா முடிந்தபின் அந்தத் தட்டு உங்களுடையதா, நிறுவனத்துடையதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சில புது டிவிகளில் சாட்டிலைட் டியூனர் உள்ளேயே இருக்கும். மெனுவில் சாட்டிலைட் என்று இருந்தால், பெட்டி வாங்கும் முன் ஒயரை நேராகச் செருகித் தேடிப் பாருங்கள்.

ஒரே கம்பம், ஒரே குழாய்

இப்போது மொட்டை மாடிப் புகாருக்கு வருகிறேன். அலை எல்லாருக்கும் ஒரே திசையிலிருந்துதான் வருகிறது. அப்படியிருக்க வீட்டுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு நாலு துளை எதற்கு?

இரண்டு வீடுகள் சேர்ந்தால், தட்டின் முன்னால் இருக்கும் எல்என்பியை இரட்டை வெளியீடு உள்ளதாக மாற்றினால் போதும், ஆளுக்கொரு ஒயர். பல வீடுகள் சேர்ந்தால், நான்கு வெளியீடு எல்என்பியும் மல்ட்டி ஸ்விட்ச் என்ற பெட்டியும் வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிரிப்பானைப் போட்டு ஒரே ஒயரை இரண்டாகப் பிரித்தால் சரிவராது. ஒவ்வொரு பெட்டியும் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் தனக்கு வேண்டிய அலையைக் கேட்கிறது. இரண்டு பெட்டிகள் ஒரே ஒயரில் வெவ்வேறாகக் கேட்டால் ஒருவர் வீட்டில் சேனல் காணாமல் போகும். அப்புறம் படி ஏறிச் சண்டைக்கு வருவார்கள்.

தனியார் டிடிஎச் வைத்திருப்பவர்களின் நிலை வேறு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் செயற்கைக்கோள் வேறு வேறு இடத்தில் இருக்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் எடுக்க முடியாது. ஆனால் எல்லாத் தட்டும் ஒரே இடத்தில் நிற்கலாம்.

சங்கத்தின் முன் நான் வைக்கும் யோசனைகள் இவை:

1. மொட்டை மாடித் தள ஓட்டில் இனி யாரும் துளை போடக் கூடாது. கிழக்கு, தெற்குப் பக்கம் வானம் திறந்திருக்கும் இடத்தில் ஒரு பொது இரும்புச் சட்டம், அடியில் கான்கிரீட் கட்டை வைத்து நிறுத்தலாம்.

2. ஒயர்கள் எல்லாம் ஒரே பிவிசி குழாய் வழியாக இறங்கட்டும். ஒயர் ஆர்ஜி-6 வகையாக இருக்கட்டும். மெல்லிய பழைய ஒயரில் நாலு மாடி இறங்குவதற்குள் அலை தேய்ந்துவிடும்.

3. ஒவ்வொரு ஒயரிலும் வீட்டு எண் ஒட்ட வேண்டும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒயர் சற்றுக் கீழே தொங்கி மேலே ஏறட்டும். மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், ஒயர் வழியே உள்ளே வராது.

4. சட்டத்துக்கு முறையான எர்த் கட்டாயம் வேண்டும். இதை மின்பணியாளர் செய்ய வேண்டும், நாம் செய்யக் கூடாது. எர்த் இருந்தாலும் இடி இடிக்கும்போது டிவியிலிருந்து ஒயரைக் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு யாரும் மாடிக்குப் போகாதீர்கள்.

5. யாரும் பயன்படுத்தாத தட்டுகளை உரியவர்களுக்குச் சொல்லிவிட்டு இறக்கிவிடலாம். துளைகளை அடைத்து நீர்க்கசிவு தடுப்புப் பூச்சு பூசும் வேலையை வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்க வேண்டும்.

வீட்டுக்குள் ஆன்டெனா உண்மையில் உதவும் இடம்

வீட்டுக்குள் வைக்கும் ஆன்டெனாவால் நம் ஊரில் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. டிவிக்கு அல்ல, ரேடியோவுக்கு. அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ், அதே மலையிலிருந்துதான் வருகிறது.

மியூசிக் சிஸ்டத்தின் பின்னால் எஃப்எம் ஆன்டெனா இணைப்பு இருந்தால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு இழை ஒயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையில் 71 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டாகப் பிரித்து, டி எழுத்து போல இருபக்கமும் விரித்துவிடுங்கள். மறுமுனையை இணைப்பில் சேருங்கள். 100.5க்கு அலைநீளம் சுமார் 3 மீட்டர், அதில் பாதியைவிடச் சற்றுக் குறைவாக மொத்த நீளம் வர வேண்டும் என்பதுதான் கணக்கு. விரித்த ஒயர் வடக்கு தெற்காக, மேற்கு ஜன்னலை ஒட்டி இருக்கட்டும். கிடையாகவும் வைத்துப் பாருங்கள், நிமிர்த்தியும் பாருங்கள், எதில் தெளிவோ அதில் ஒட்டிவிடுங்கள். கையடக்க ரேடியோ என்றால் அதன் கம்பியை முக்கால் மீட்டர் நீளத்துக்கு இழுத்துவிட்டால் போதும். செல்போனில் எஃப்எம் வசதி இருந்தால், செருகும் இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா.

நம் சுவரிலும் தூண்களிலும் ஓடும் கம்பி அலையைத் தடுக்கும், அதனால்தான் ஜன்னல் ஓரம் என்கிறேன். ஜன்னலில் உலோகக் கொசுவலை போட்டிருந்தால் அதுவும் தடுக்கும், நைலான் வலை தடுக்காது. கரகர சத்தம் வந்தால் எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், சார்ஜர் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அவற்றில் ஒன்றாக இருக்கும்.

இந்தக் காலத்தில் ரேடியோ எதற்கு என்று இளைஞர்கள் நினைக்கலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், வலுக்குறைந்து நம் திண்டுக்கல் மாவட்டம் வழியாகத்தான் மேற்கே போனது. கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்தன, மண் சரிந்தது, மின்சாரம் நின்றது. அப்படி ஒரு நாளில் டிவி ஓடாது, வைஃபை பெட்டி ஓடாது, செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் சில மணி நேரம்தான். இரண்டு பேட்டரி போட்ட ரேடியோ ஓடும். மழை எங்கே, சாலை எது அடைபட்டது என்று தெரிந்துகொள்ள, தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அது ஒரு துணை. ஆகவே ஆறாவது யோசனையாக, காவலாளி அறையில் சங்கச் செலவில் ஒரு பேட்டரி ரேடியோ வைக்கலாம்.

சுருக்கமாகச் சொல்கிறேன். தொடர்கள் வேண்டும் என்றால் அரசு கேபிளோ தனியார் கேபிளோ டிடிஎச்சோ தொடரட்டும். செய்தி, கல்வி, கிரிக்கெட் போதும் என்றால் ஃப்ரீ டிஷ். வீட்டில் நல்ல இணைய வசதி இருந்தால், பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியில் தூர்தர்ஷனும் வானொலியும் கிடைக்கும், அதற்குத் தட்டே வேண்டாம். எதுவானாலும், கடைக்காரர் சொல்வதற்கு முன் திசைகாட்டியைப் பாருங்கள்.

பொதுச் சட்டத்தில் சேர விரும்பும் வீட்டுக்காரர்கள் வீட்டு எண், எத்தனை டிவி, இப்போது என்ன இணைப்பு என்ற மூன்றையும் சங்க அலுவலகப் பதிவேட்டில் எழுதுங்கள். எத்தனை வீடு சேர்கிறது என்று தெரிந்தால்தான் ஆளுக்கு எவ்வளவு வரும் என்று செயலாளர் விலைப்புள்ளி வாங்க முடியும். தட்டைத் திருப்பும் நாளில் கூப்பிடுங்கள், திசைகாட்டியோடு நானும் மாடிக்கு வருகிறேன்.